10 வருஷ செமியோனில் தேன் வாசனை எப்படி வந்தது?

சிட்னிவாசி:
போன மாசம் சிட்னிக்கு வடக்கே, ஒயினுக்குப் பேர்போன ஹன்டர் பள்ளத்தாக்குல, ஒரே தோட்டத்து செமியோன் (அதே பேர் கொண்ட திராட்சையில செய்யுற வெள்ளை ஒயின்) ரெண்டு கிளாஸ் ருசி பார்த்தேன். புதுசு வெளிறிப்போய் தண்ணி மாதிரி, எலுமிச்சம்பழத்தைக் கடிச்சாப்ல பல் கூசுச்சு. 10 வருஷம் ஆனது பொன் நிறம். வாட்டின ரொட்டி, தேன் வாசனை. வாட்டின வாசனை தர்ற ஓக் மரப் பீப்பாயே தொடலைன்னு சொல்றாங்க. பின்ன எங்கிருந்து வந்துச்சு அது?

பழையபாட்டில்:
சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அங்க திராட்சையைச் சீக்கிரமே பறிச்சிடுவாங்க. அதனால சர்க்கரை கம்மி, ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான், புளிப்பு தூக்கல். எஃகுத் தொட்டியில நொதிக்கவச்சு சில மாசத்துலயே பாட்டில்ல அடைச்சிடுவாங்க. வாட்டின வாசனை பாட்டிலுக்குள்ளயே மெல்ல மெல்ல உருவாகுது. அதுவரை ஒயினைத் தாங்குறது அந்தப் புளிப்புதான்.

நான் ஒரே வருஷத்து செமியோன் 6 பாட்டில் வாங்கி வருஷம் ஒண்ணா திறந்தேன். 4-வது பெரிய ஏமாத்தம். எலுமிச்சை போயிருச்சு, தேன் இன்னும் வரல, ஊமையா இருந்துச்சு. 6-வதைத் திறந்தப்ப வீட்டம்மா அடுத்த ரூம்லேர்ந்து "யாரு ரொட்டி சுடுறது?"ன்னு கேட்டாங்க. அந்த ராத்திரியை மறக்கவே முடியாது.

சிட்னிவாசி:
சமையலறை அலமாரியில வைக்கலாமா?

பழையபாட்டில்:
வேண்டவே வேண்டாம், அடுப்புச் சூடு கெடுத்துடும். 12-லேர்ந்து 15 டிகிரி, இருட்டு. திருகுமூடின்னா நிக்கவச்சாலும் பரவாயில்ல. பழசை ஃப்ரிட்ஜிலேர்ந்து எடுத்து 20 நிமிஷம் விட்டு ஊத்துங்க. சில்லுன்னு இருந்தா தேன் வாசனை எழும்பாது. புதுசை நல்லா சில்லுன்னு, வேகவைக்காத சிப்பியோட குடிச்சுப் பாருங்க.