பத்து நாள் பூட்டிய வீடு: குழாயில் நின்ற தண்ணீர்

மாடிவீட்டுக்காரி:
மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி. பத்து நாள் மாமியார் ஊரில் இருந்துவிட்டு நேற்று வந்தோம். சமையலறைக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று, அப்புறம் மஞ்சளாகத் தண்ணீர், இரும்பு வாடை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 15 மீட்டர் குழாய். எவ்வளவு திறந்துவிட வேண்டும்? லாரித் தண்ணீர், காசு கொடுத்து வாங்குவது. கீழே விட மனசு வரவில்லை.

பைப்புக்காரர்:
மஞ்சள் என்றால் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாகத்தான் இருக்கும், உள்ளே துரு. கணக்கு எளிது: உள்விட்டம் 20 மி.மீ. என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர். உங்கள் 15 மீட்டருக்கு 5 லிட்டர்கூட வராது. வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். பித்தளைக் குழாயில் ஈயம் கலந்திருக்கலாம், அதனால் தினமும் காலையில் முதல் செம்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். ஈயம் கொதிக்க வைத்தாலும் போகாது.

தாம்பரம் தாத்தா:
குழாயை விடுங்கள், தொட்டியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டே பேர், ஒரு நாளைக்கு 200 லிட்டர். 1000 லிட்டர் தொட்டியை ரொப்பினால் ஐந்து நாள் வெயிலில் கிடக்கிறது, கிருமியைக் கொல்லும் குளோரின் எங்கே மிஞ்சும்? இப்போது பாதிதான் ஏற்றுகிறேன். கீசரிலும் பழைய தண்ணீர் நிற்கும், கிருமி சாக ஒரு தடவை 60 டிகிரிக்குச் சூடேற்றிய பிறகு குளியுங்கள்.

மாடிவீட்டுக்காரி:
லிட்டர் குவளையில் பிடித்துப் பார்த்தேன் ஐயா. நாலு குவளை மஞ்சள், ஐந்தாவது தெளிவு! கறிவேப்பிலைச் செடிக்குப் போய்விட்டது. தொட்டி மூடியைத் திறக்கத்தான் பயமாக இருக்கிறது.