உப்பு அள்ளினால் மறியலா?

பரந்தனிலிருந்து ஓர் ஆசிரியை:
பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு காந்தியின் தண்டி யாத்திரை. 1930 மார்ச் 12, சபர்மதி, 78 தொண்டர்கள் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி. சரி, பக்கத்தில்தானே என்று ஆனையிறவு உப்பளத்துக்குக் கூட்டிப் போனேன். குவிந்து கிடந்த உப்பைப் பார்த்து ஒரு பெடியன், "ரீச்சர், இதை அள்ளினதுக்கோ மறியல்?" என்றான். மறியல் என்றால் எங்கள் பேச்சில் சிறை. அவனுடைய அம்மா அங்கே உப்பு வாருகிறவர்.

அப்போது உப்பு வெள்ளைக்கார அரசின் தனியுரிமை, கஞ்சிக்குப் போடுகிற உப்புக்கும் வரி என்று விளக்கினேன். 24 நாள், ஏறக்குறைய 385 கிலோமீற்றர் நடை; யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நடப்பதுபோல. ஏப்ரல் 6 காலை ஒரு பிடி உப்பு. அதற்கு முன்பே வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் போட்டுவிட்டார் என்றதும் பெடியன் சிரித்தான்: "சொல்லிப்போட்டே களவெடுக்கிறாரா?"
அதுதான் சூட்சுமம். பிடித்தால் ஊரே கொதிக்கும், விட்டால் சட்டம் செத்துவிடும். அந்தப் போராட்டத்தில் 60,000 பேருக்கு மேல் சிறை போனார்கள்.

மாங்குளத்திலிருந்து:
எங்கள் அப்பப்பா 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் இருந்தவர். தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகப் பெப்ரவரி 20 தொடங்கிய சத்தியாக்கிரகம். ஏப்ரல் 14 தமிழரசுக் கட்சியை நிறுவிய தந்தை செல்வா, தமிழரசு என்று சொந்தத் தபால் முத்திரை வெளியிட்டார். அஞ்சலும் உப்பைப்போல அரசின் தனியுரிமைதானே! சில நாளில் அவசரகாலச் சட்டம், கைது. முத்திரை ஒட்டின கடிதம் ஒன்றை அப்பப்பா கனகாலம் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இடப்பெயர்வில் பெட்டியே போய்விட்டது.

முல்லைத்தீவிலிருந்து:
2017இல் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புச் சனம் படை முகாமுக்குள் இருந்த தங்கள் காணிக்காக வீதியோரம் இருந்தபோது நானும் இரண்டு இரவு இருந்தேன். ஜனவரி 31 தொடங்கியது, மார்ச் 1 காணிக்குள் கால் வைத்தார்கள். பனி, நுளம்பு, பிள்ளைகளின் இருமல். "காந்திக்கு உப்பு, எங்களுக்கு வளவு" என்றார் பக்கத்தில் இருந்த மாமி. சட்டென்று எவருக்கும் விளங்குகிற ஒன்றைப் பிடித்தால்தான் சனம் எழும்பும் என்று அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

கிளிநொச்சியிலிருந்து:
மாமி சொன்னது சரி, ஆனால் பார்க்கவும் ஆள் வேண்டும். 1930 மே மாதம் தாராசனை உப்பளத்தில் தொண்டர்கள் கை உயர்த்தாமல் மண்டை உடைபட்டதை வெப் மில்லர் என்ற அமெரிக்க நிருபர் எழுதியதால்தான் உலகம் அறிந்தது. இங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். 1961இன் அதே திகதி. முதல் கிழமை கமராக்கள் நின்றன. பிறகு பக்கத்து ஏ9 வீதியில் போகிற பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறவர்களே குறைவு. காந்தி பாடத்தில் இதையும் சொல்லுங்கள் ரீச்சர்.

மீண்டும் பரந்தன்:
சொல்கிறேன். பெடியனுக்கு இரண்டாம் இடம். மேடையில் இர்வினின் பெயர் மறந்து, "வைஸ்ராய் ஐயா" என்று சமாளித்துவிட்டான்.