நுவரெலியா, எல்ல போகிறோம்: எங்கே ஏமாறுவோம்?

யாழ்ப்பாணத்தான்:
அடுத்த மாதம் வான் (வேன்) பிடித்துக் குடும்பமாக வருகிறோம், 9 பேர், அதில் கனடாவிலிருந்து வரும் சித்தியும் ஒருவர். போன முறை கண்டியில் ஒருவர், "உங்கள் ஹோட்டல் குசினியில்தான் வேலை செய்கிறேன், தெரியவில்லையா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மாணிக்கக் கடையில் கொண்டுபோய் இருத்திவிட்டார், அம்மா வெட்கத்துக்கு ஒரு மோதிரம் வாங்கினார். இப்போது இன்னொருவர் நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவுக்கு ஜீப் கட்டாயம் என்கிறார், கோச்சி (ரயில்) டிக்கெட்டும் அவரே எடுத்துத் தருவாராம். நம்பலாமா?

நானுஓயாக்காரன்:
ஜீப் கட்டாயமில்லை தம்பி. பட்டிப்பொல வழியாக, நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வரை உங்கள் வானே போகும், அதற்கப்புறம் எல்லாருக்கும் நடைதான், சுற்றிவர 9 கிலோமீட்டர் போல. விடிய 6 மணிக்கே வாசலில் நில்லுங்கள், பிந்தினால் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் பனிமூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். பூங்கா நுழைவு டிக்கெட்டைக் கவுண்டரில் நீங்களே எடுங்கள். சித்திக்கு வெளிநாட்டுக் கட்டணம், நம்மைவிடப் பல மடங்கு. "உள்ளூர் ஆளாக உள்ளே விடுகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அதுவும் போய்க் கவுண்டரிலும் கட்ட வேண்டிவரும்.

கோச்சிக்கு முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், திறந்த கையோடு முடிந்தும்விடும், ஏனென்றால் வாங்கி விற்கிறவர்கள் அள்ளிவிடுகிறார்கள். வேறொருவர் அடையாள அட்டை இலக்கத்தில் எடுத்த டிக்கெட்டோடு ஏறினால் பரிசோதகரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் அன்றைக்கே ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுங்கள். இருக்க இடம் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மாத்தளை அக்கா:
மலை ஏறுவதற்கு முன்னாலேயே ஒன்று இருக்கிறது. ஏ9 வீதியில் எங்கள் ஊர்ப்பக்கமாகத்தானே வருவீர்கள்? வாசனைத் திரவிய (மசாலாப் பயிர்) தோட்டத்தில் வானை நிறுத்துவார்கள், சுற்றிக் காட்டுவது இலவசம், தோளைப் பிடித்துவிடுவதும் இலவசம், அப்புறம் ஒரு சின்னப் போத்தல் எண்ணெய்க்குச் சொல்வார்கள் பாருங்கள் ஒரு விலை! அதில் டிரைவருக்கும் பங்கு. என் மச்சானே வான் ஓட்டுகிறவன், அவன் வாயால் கேட்டதுதான். கிளம்பும்போதே "எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம்" என்று சொல்லி வாடகை பேசுங்கள்.

எல்லவாசி:
எல்லவிலுள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்கும் சின்னச் சிவனொளிபாத மலைக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. "பாதை மூடிவிட்டார்கள், நான் வேறு வழியால் கூட்டிப்போகிறேன்" என்று ஓட்டோக்காரர் சொன்னால், பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒருமுறை விசாரியுங்கள். பெரும்பாலும் மூடியிருக்காது.

யாழ்ப்பாணத்தான்:
நன்றி. ஜீப்காரருக்கு வேண்டாம் என்று சொன்னேன், உடனே பாதி விலைக்கு வந்துவிட்டார். "வானிலேயே போகலாமாமே" என்றதற்கு இன்னும் பதில் இல்லை.