வீட்டில் தேன், மேடையில் தகரம்: ஆம்ப் வாங்கி அல்லாடிய கதைகள்

ஆறுகம்பி

ஆம்ப் வாங்கி மாட்டிக்கொண்ட கதையை ஒவ்வொருவராகச் சொல்லலாம், நானே ஆரம்பிக்கிறேன். இங்கே இருப்பவர்களில் அதிகம் அசிங்கப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

கல்லூரி முடித்த வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்க இடம் கிடைத்தது. அதுவரை வாசித்ததெல்லாம் என் அறையில், பத்து வாட் குட்டி ஆம்பில், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஸ்பீக்கர் பெட்டியில். மேடைக்கு அது பத்தாது என்று, சேர்த்து வைத்த பணத்தில் 100 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பத்து மடங்கு வாட், பத்து மடங்கு சத்தம் என்பது என் கணக்கு. ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு டோன், அதாவது கிட்டார் ஒலியின் குணம், தேடினேன். பக்கத்து அறையில் அம்மா தூங்குவதால் வால்யூம் ஒன்றைத் தாண்டவில்லை. பாஸ் (அடிக்குரல்) எட்டு, ட்ரெபிள் (உச்சக்குரல்) எட்டு, மிட் (நடுக்குரல்) இரண்டு. தேன் மாதிரி இருந்தது. மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு நாபுக்குப் பக்கத்திலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி அம்புக்குறி போட்டு வைத்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண ரிசப்ஷன். முதல் பாட்டில் டிரம்ஸும் தபேலாவும் இரண்டு கீபோர்டும் கிளம்பியதும் என் கிட்டார் காணாமல் போனது. விரல் ஓடுகிறது, சத்தம் இல்லை. வால்யூமை ஏற்றினேன். பாஸ் கிட்டார்காரர் திரும்பி முறைத்தார். இன்னும் ஏற்றினேன். தகர டப்பாவில் ஆணி போட்டு உலுக்குகிற மாதிரி மேலே ஒரு சத்தம், அடியில் குடம் உருளுகிற ஓசை, நடுவில் ஒன்றுமே இல்லை. பாடகி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "கொஞ்சம் குறைங்க" என்றார். குறைத்தால் மறுபடி காணோம்.

இடைவேளையில் கீபோர்டு அண்ணன் வந்தார். இருபது வருடமாக மேடையில் இருப்பவர். குனிந்து என் ஸ்டிக்கர்களைப் பார்த்தார்.

"இது யார் ஒட்டினது?"

"நான்தாண்ணே."

ஒன்றும் சொல்லாமல் பாஸை நான்குக்கு இறக்கினார், ட்ரெபிளை ஐந்துக்கு. மிட்டை ஏழுக்கு ஏற்றினார். வால்யூமைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த பாட்டில் கிட்டார் கேட்டது! தனியாக வாசித்துப் பார்த்தால் மூக்கடைத்த மாதிரி இருந்த டோன், கூட்டத்தோடு சேர்ந்ததும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சத்தம் குறைவாக இருக்கும்போது அடிக்குரலும் உச்சக்குரலும் நம் காதுக்குச் சரியாக எட்டாது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933-லேயே இதை அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். அதனால்தான் வீட்டில் வாசிக்கும்போது பாஸையும் ட்ரெபிளையும் நாமே அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். மேடைச் சத்தத்தில் காது இரண்டையும் நன்றாகவே பிடித்துக்கொள்கிறது, நாம் போட்டதெல்லாம் திகட்டுகிறது. அதோடு கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் குடியிருக்கின்றன. மேலே சிம்பல். கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி. அதைத்தான் நான் இரண்டில் வைத்திருந்தேன்.

வால்வுக்கிறுக்கன்

அந்த வாட் கணக்கில் நானும் விழுந்தேன், எதிர்ப்பக்கமாக. வேளச்சேரியில் ஃப்ளாட். "22 வாட்தானே, வீட்டுக்கு அடக்கமாக இருக்கும்" என்று ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வாங்கினேன். வால்வு ஆம்ப், அதாவது ட்ரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வில் ஓடுவது. இதில் மாஸ்டர் வால்யூம், அதாவது கரகரப்பை விட்டுவிட்டு மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கிற நாப், கிடையாது. அந்த இனிமையான கரகரப்பு வேண்டுமென்றால் வால்யூமை ஐந்து, ஆறுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். மூன்றிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு மாமா மேலே வந்தார். திட்டவில்லை. ஒரு தாளை நீட்டினார். பேரனின் அரையாண்டுப் பரீட்சை டைம்டேபிள். "இந்தத் தேதியெல்லாம் மட்டும் பார்த்துக்கோங்கோ" என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்ய? இன்றைக்கும் அது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

கணக்கு இப்படித்தான்: வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல், அதாவது "கொஞ்சம் ஏறியிருக்கிறதோ" என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக, ஆறுகம்பி தம்பியின் 100 வாட் ஆம்ப், அதே ஸ்பீக்கரில் பழைய பத்து வாட்டைப் போல இரண்டு மடங்குதான் கேட்கும். என் 22 வாட் ஒன்றும் குழந்தை இல்லை. ஸ்பீக்கரையும் பாருங்கள், ஒரு வாட்டுக்கு அது எத்தனை டெசிபல் தரும் என்று போட்டிருக்கும். 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் ஆம்பை இரண்டு மடங்காக்கிய பலன். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டெனுவேட்டர் ஒன்றைப் போட்டேன், ஸ்பீக்கருக்குப் போகிற பவரைக் குறைக்கிற பெட்டி. கரகரப்பு கிடைத்தது, கீழ்வீட்டில் அமைதி. ரொம்பவும் அடக்கினால் டோன் சோர்ந்துபோகிறது என்பது உண்மைதான். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் வாசிக்கவே கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மச்சான் பரிசு

ட்ரான்ஸ்ஃபார்மர் என்றதும் வயிறு கலங்குகிறது. மச்சான் நியூஜெர்சியிலிருந்து ஆசையாக ஒரு வால்வு ஆம்ப் கொண்டுவந்தார். 15 வாட். பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. பின்னை மட்டும் மாற்றி நம் 230-ல் சொருகினேன். 'டப்' என்று ஃப்யூஸ் போனது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "ஃப்யூஸ்தானே" என்று உள்ளே ஒரு செம்புக்கம்பியைச் சுற்றி மறுபடி போட்டேன். இந்தத் தடவை சத்தமே இல்லை, மெல்லிசாகப் புகை வந்தது. வார்னிஷ் எரிகிற வாடை அன்று இரவு முழுவதும் வீட்டில். சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஃப்யூஸ் உன்னைக் காப்பாத்தப் பார்த்துச்சு, நீதான் விடல" என்றார். ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, நம் 230-க்கு ஏற்றபடி புதிதாகக் காயில் சுற்றித் தந்தார். இப்போது ஊர் கரண்டிலேயே ஓடுகிறது. மச்சானுக்கு இன்னும் தெரியாது.

ஞாயிறு கிட்டார்

எங்கள் ஊர் தூத்துக்குடி. சர்ச்சில் வாசிக்கிறேன். ஆம்பைத் தரையில் என் காலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எனக்கு மந்தமாகக் கேட்கும், ட்ரெபிளை ஏற்றுவேன். ஒவ்வொரு வாரமும் முதல் பெஞ்சு பாட்டி, நான் வாசிக்க ஆரம்பித்ததும் முந்தானையை எடுத்துக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வார். ஃபேன் காற்றுக்காக என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் என் தங்கையை வாசிக்கவிட்டு நான் போய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். காதில் ஊசி குத்துவது போல இருந்தது! கிட்டார் ஸ்பீக்கர் உச்சக்குரலை டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் அடிக்கும். எனக்கு முழங்காலில் பட்டது, பாட்டிக்கு நேரே காதில். இப்போது ஆம்பை ஒரு ஸ்டூலில் ஏற்றி, என் முகத்தைப் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன். ட்ரெபிள் தானாக நான்குக்கு வந்துவிட்டது. காசு செலவில்லை. பாட்டி முந்தானை தோளிலேயே இருக்கிறது.

புதுசு

அண்ணன்களே, அக்கா, எல்லாம் படித்தபின் எதையும் வாங்கவே பயமாக இருக்கிறது. ஹாஸ்டல் அறை, எப்போதாவது கல்லூரி மேடை. என்ன வாங்கலாம்?

வால்வுக்கிறுக்கன்

தம்பி, நான் வால்வுப் பைத்தியம்தான், ஆனாலும் உனக்கு வால்வு வேண்டாம். பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 ஆம்ப் மாதிரி வாட்டைக் குறைக்கிற ஸ்விட்ச் உள்ளதாகப் பார். அதில் 50, 25, அரை என்று மூன்று நிலை இருக்கிறது. அறையில் அரை வாட்டே போதும்.

ஆறுகம்பி

புதுசு தம்பிக்கு இன்னொன்று. கிட்டாரில் இருக்கிற வால்யூம் நாபை எப்போதும் பத்திலேயே வைத்திருக்காதே. ஆம்பை வேண்டியதைவிடக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டு, கிட்டாரை ஏழில் வைத்து வாசி. சோலோ வரும்போது பத்துக்கு ஏற்று. சில கிட்டாரில் குறைக்கும்போது ட்ரெபிளும் சேர்ந்து மங்கும். அதற்குச் சின்னதாக ஒரு கெப்பாசிட்டரை அந்த நாபில் வைத்துப் பற்றவைப்பார்கள், மெக்கானிக்குக்குப் பத்து நிமிட வேலை. சவுண்ட் செக்கிலும் தனியாக வாசித்து டோன் பார்க்காதே. டிரம்ஸ்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு அதோடு சேர்த்துப் பார்.

என் ஆம்பில் அந்த ஸ்டிக்கர்கள் இன்னும் இருக்கின்றன. உரித்தால் பசை ஒட்டிக்கொள்கிறது. போன வெள்ளிக்கிழமை நத்தத்தில் கச்சேரி. கீபோர்டு அண்ணன் எப்போதும் போல வந்து குனிந்தார். நாபுகளைப் பார்த்தார், ஸ்டிக்கர்களைப் பார்த்தார். எதையும் தொடவில்லை. "டீ சொல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.