கலப்பற்றா, நெகிழடைப்பா? படகுச் சன்னலுக்கு ஒரு சொல்

மடல் 1
அன்புள்ள குழுவினருக்கு,
படகுப் பராமரிப்புக் கையேடு ஒன்றின் சன்னல் இயலை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். சன்னல் பலகத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கூழாகப் பிதுக்கி இடப்பட்டு, உலர்ந்த பின்பும் ரப்பர்போல் வளைந்துகொடுத்து நீரைத் தடுக்கும் பொருளுக்குச் சொல் அமையவில்லை. அதைப் புதுப்பிப்பதை மொழிபெயர்ப்பு மென்பொருள் 'மறுமுத்திரை இடுக' என்கிறது. பட்டறையிலோ எந்தக் குழாயை எடுத்தாலும் 'சிலிக்கான்'தான். அதையே எழுதிவிடலாமா?

மடல் 2
புதுச்சொல்லுக்கு அலைவானேன்? மரக்கலத்தின் இடுக்குகளை அடைக்கும் வேலைக்குப் பழைய அகராதிகளிலேயே 'கலப்பற்று' இருக்கிறது. கலம் + பற்று. மரப்பலகை போல மகர ஈறு கெட்டு வல்லினம் மிக்கது. கலத்தைப் பற்றி நிற்பது என்பதைவிடத் தெளிவான பொருள் வேண்டுமா?

மடல் 3
ஐயா, புணர்ச்சி பொருந்துவதனாலேயே பிறப்பு மெய்யாகிவிடாது. போர்த்துக்கீசிய மொழியில் இத்தொழிலுக்குக் 'கலஃபெத்தார்' என்று பெயர். அரபியிலும் இதையொத்த சொல் உண்டு. துறைமுகம் துறைமுகமாகத் திரிந்த ஒரு சொல்லைத் தமிழ்ச்செவி கலமாகவும் பற்றாகவும் பிரித்துக் கேட்டது என்றே கருதுகிறேன். அது கிடக்கட்டும். மரக்கலத்தின் பலகை இடுக்கில் நாரைத் திணித்துக் கீல் பூசும் வேலையின் பெயரைச் சன்னலுக்குச் சூட்டினால், படிப்பவர் உளியும் கொட்டாப்புளியுமாக வந்து நிற்பார். 'அடைப்புப்பசை' போதும்.

மடல் 4
'பசை' வேண்டா என்பதைப் பட்டறிவால் சொல்கிறேன். பசை என்று எண்ணித்தான் என் படகின் அக்ரிலிக் (ஒளிபுகும் பிளாஸ்டிக்) சன்னலைத் திருகாணிகள் முனகும்வரை முறுக்கினேன். இட்டதெல்லாம் விளிம்பில் பிதுங்கி வழிய, உள்ளே தாளளவு படலமே மிஞ்சியது. ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் பலகம் 30 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். அலுமினியச் சட்டமோ அதில் மூன்றில் ஒரு பங்கே நீளும். அந்த இழுபறியைத் தாங்கத் தடிப்பு வேண்டும். எனக்கு முதல் வெயிற்காலத்திலேயே படலம் கிழிந்தது. அடுத்த மழையில் மெத்தை நனைந்தது. ஆகவே இறுக்கத்தை நினைவூட்டாத சொல்லாக 'நெகிழடைப்பு' என்பதை முன்வைக்கிறேன், வினைத்தொகை.

எல்லாவற்றையும் 'சிலிக்கான்' என்பதும் தீங்கு. பாலிசல்ஃபைடு வகை அக்ரிலிக்கைக் கெடுக்கும். சிலிக்கானின் எச்சத்தின்மேல் வேறு வகை எதுவும் சரிவர ஒட்டாது. வகைக்கும் இனத்துக்கும் ஒரே பெயரானால் வாசகர் எதைத் தேர்வார்? 'மறு அடைப்பு' என்றும் எழுத வேண்டா. பழையதன் மேலேயே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சட்டத்தைக் கழற்றி, பழையதை ஒட்டறச் சுரண்டி எடுத்த பிறகே புதியதை இட வேண்டும் என்பதால், அது 'அடைப்பு மாற்றுதல்'. சுரண்டியபின் துடைக்க அசிட்டோனை எடுத்துவிடாதீர்கள். அக்ரிலிக் வெளிறி வெடிப்புவிடும்.

மடல் 5
நெகிழ் என்றதும் எனக்கு வளை நெகிழ்ந்த தலைவியே நினைவுக்கு வருகிறாள். கழலுதலும் அச்சொல்லின் பொருளன்றோ? கழன்று விழும் அடைப்பை எவர் வாங்குவார்?

மடல் 6
பிளாஸ்டிக்கை 'நெகிழி' என்று ஏற்றபோது எந்தத் தலைவியும் குறுக்கே வரவில்லையே, ஐயா.

மடல் 1 எழுதியவர்
நேரமில்லை. நால்வர் நெகிழடைப்புக்கு இசைந்திருப்பதால் அதையே இட்டு, முதல் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் 'சீலன்ட்' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். கலப்பற்று மரப்பலகை இயலுக்குப் போயிற்று.

மடல் 2 எழுதியவர்
மரப்பலகை இயலிலாவது 'கலப்பற்று' என்று றகரம் இட்டு அச்சிடுங்கள், 'கலப்பத்து' வேண்டா. நெகிழடைப்புக்கு என் இசைவு இல்லை.