மகஜர் எழுதச் சொல்லித்தர யாராவது உதவுங்களேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். தர்மபுரியில் ஒரு கல்லூரியில் குற்றவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிக்கை எழுதும் பாடம் எடுக்கிறேன். நான் தமிழ் படித்தவன். ஸ்டேஷன் வாசலை மிதித்தது பாஸ்போர்ட் விசாரணைக்கு மட்டும்தான்.

போன வாரம், தொப்பூர் கணவாயில் லாரி மோதியதாக ஒரு கற்பனை விபத்தைச் சொல்லி, பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தில் போலீசார் பார்த்ததைப் பதிவுசெய்யும் குறிப்பு, எழுதச் சொன்னேன். வந்ததெல்லாம் சிறுகதை! "எமனாக வந்த லாரி" என்கிறான் ஒருவன். டிரைவர் குடித்திருந்தார் என்று முடிவே கட்டிவிட்டாள் ஒருத்தி. பிரேக் தடம் எத்தனை மீட்டர், எந்தத் திசையில், வெளிச்சம் எப்படி என்று யாரும் எழுதவில்லை. பார்த்தது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் பிரிக்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பிரிவு எண்கள் தனித் தலைவலி. முதல் தகவல் அறிக்கைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 173. பழைய 173 என்பதோ இறுதி அறிக்கை; அது இப்போது 193. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே மாற்றி எழுதுகிறார்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ., ஸ்டேஷன் ரைட்டர், குற்ற வழக்கு பார்க்கும் வக்கீல் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பெயர், ஊர், வண்டி எண்ணை அடித்துவிட்டு இரண்டு மூன்று பழைய மகஜரும் ரஃப் ஸ்கெட்சும் காட்டினால் போதும். 'மேற்படி', 'மேற்படியார்' நடையையே சொல்லித்தரலாமா, எளிய தமிழ் எடுபடுமா என்பதையும் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கே வர முடிந்தால், பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே வண்டியில் கூட்டிவருகிறேன்.