சுங்குடி முடிச்சுக் கட்டக் கற்றுத்தருபவர்கள் மதுரையில் யாராவது இருக்கிறார்களா?

அனைவருக்கும் வணக்கம். கோரிப்பாளையத்தில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் தொழில் செய்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் எதைத் தொடங்கினாலும் கை பழகிய பூங்கொடியிலும் மயிலிலுமே போய் நிற்கிறது. அதிலிருந்து வெளியே வர வேண்டும் என்ற தவிப்பில்தான் இதைக் கேட்கிறேன்.

2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் புள்ளிச் சேலையான சுங்குடியை, அதுவும் கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் பழைய முறையில், கற்க விரும்புகிறேன். துணியைத் துளியளவு கிள்ளி எடுத்து நூலால் இறுகச் சுற்ற வேண்டும். சுற்று நெகிழ்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி கலங்கிவிடும். கணினியில் செய்வதுபோல் அழித்துவிட்டு மறுபடி போட முடியாது. அந்தக் கண்டிப்புதான் எனக்கு இப்போது தேவை.

சௌராஷ்டிரக் குடும்பங்களில் இன்னும் முடிச்சுக் கட்டும் அம்மாக்கள், பாட்டிகள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? மாலை நேரத்தில் அவர்கள் வீட்டுக்கே வந்து கற்றுக்கொள்கிறேன். அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியம் கட்டாயம் தருவேன். எவ்வளவு தருவது முறை என்பதையும் சொல்லுங்கள். பழகுவதற்குக் கைக்குட்டை அளவு பருத்தித் துணி போதுமா? தொலைபேசி எண்ணைப் பொதுவில் போடாமல், அவர்களிடம் கேட்டுவிட்டுத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.